இடது கன்னம்

ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் குனிந்து உள்ளே நுழைந்த பிரவீன்குமார் சுவிட்சைத் தட்டினான். விளக்கு எரியவில்லை. இன்றைக்கு வியாழக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காக திண்டிவனத்தில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை கரண்ட் கிடையாது. அதைக் கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டியதே அவன்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரனுக்கு ஞாயிறு போக மாதத்தில் கிடைக்கிற ஒரே லீவு. அந்த நாளாகப் பார்த்து அக்கா செத்துப்போயிருந்தாள்.

செல்போன் டார்ச்சைப் போட்டுப் பல்லில் கடித்துக்கொண்டு மேல் ஷெல்ஃபைத் துழாவினான். கழற்றிப் போட்ட மதர்போர்டுகள், ஒயர்ச் சுருள்கள், செத்த கீபோர்டுகள். எல்லாவற்றுக்கும் பின்னால் கறுப்பாக, அரைச் செங்கல் அளவுக்கு அது இருந்தது. தனி அடாப்டர் போட்டு ஓட்டுகிற பழைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். அதைத் தொட்டு இழுக்கும்போது பல்லிடுக்கில் போன் அதிர்ந்தது. காணையிலிருந்து வந்திருக்கும் சித்தப்பா தேவநாதன்.

"டேய், எங்கடா இருக்க? பல்லு வௌக்கிட்டு வர்றேன்னு போனவன் ஒன்ற மணி நேரமா காணம். வர்றவன் போறவன்லாம் தம்பி எங்க, தம்பி எங்கன்னு கேக்குறான். கொள்ளி வைக்கிறவன் வூட்ட வுட்டு போவலாமாடா?"

"திண்டிவனத்துல இருக்கேன் சித்தப்பா. தோ, வந்துர்றேன்."

"திண்டிவனத்துலயா? பொணத்த போட்டுட்டு கடைய தொறக்கப் போனியாடா பாவி?"

"அக்கா போட்டோ எடுக்க வந்தேன் சித்தப்பா. ஃப்ளெக்ஸுக்கு."

"அதான் ஆதார் கார்டு ஜெராக்ஸ குடுத்தாச்சே. கோதண்டபாணி கடையில பன்னெண்டு மணிக்கு பிரிண்ட் போட்டுருவான். நீ ஜல்தி வந்து சேரு. மூணு மணிக்கு எடுக்கணும்."

போன் வைக்கப்பட்டது. மணி பத்து. பிரவீன்குமார் டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்தான். அடாப்டரை இரண்டு தடவை சரிபார்த்துப் போட்டுக்கொண்டான். யூபிஎஸ்ஸையும் தூக்கிப்போகலாமா என்று ஒரு கணம் பார்த்தான். அதன் பேட்டரி செத்து ஆறு மாதம் ஆகிறது. அடுத்தவன் யூபிஎஸ்ஸுக்கெல்லாம் பேட்டரி மாற்றித் தருகிறவன் தன்னுடையதை அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று வைத்திருந்தான்.

ஆதார் கார்டில் அக்காவின் முகம் எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஆதாரில் யார்தான் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் இளவரசிக்கு அதில் தனியாக ஒரு வினை இருந்தது. பதினோரு வயதில் சோறு வடிக்கும்போது பானை சரிந்து கஞ்சி இடது கன்னத்தில் கொட்டிவிட்டது. தழும்பு தாடையில் தொடங்கிக் கண்ணுக்குக் கீழ்வரை போய், காதோரம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு துண்டு மட்டும் தனியாக நிற்கும். அம்மா போன பிறகு அவள் மடியில் படுத்து வளர்ந்தவனுக்கு, அண்ணாந்து பார்த்தால் அந்தத் துண்டுதான் முதலில் தெரியும்.

அதற்குப் பிறகு அவள் யார் எதிரிலும் இடது பக்கத்தைக் காட்டியதில்லை. பேசும்போது முந்தானை தானாகக் கன்னத்துக்கு ஏறும். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போன காலமும் முடிந்து, காணை அங்கன்வாடியில் டீச்சராகச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியும் குரூப் போட்டோவில் ஒரு ஓரமாக நின்று வலது பக்கத்தைத்தான் கொடுப்பாள். ஆதார் எடுக்கிறவன் அதற்கெல்லாம் விடுவானா? முந்தானையை இறக்கச் சொல்லி, நேராகப் பார்க்கச் சொல்லி அமுக்கிவிட்டான். பிடித்துக்கொண்டு போன திருடியைப் போல அதில் விழித்துக்கொண்டிருந்தாள்.

"நான் செத்தா இந்த மூஞ்சிய ரோட்டுல கட்டி வெச்சிராதடா. எழுந்து வந்து ஒதைப்பேன்" என்று இரண்டு பொங்கலுக்கு முன் சொன்னாள். "அந்த ஆத்து போட்டோவ போடு."

ஆற்று போட்டோ அவன் எடுத்தது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் பெண்ணையாற்றில் தண்ணீர் வந்திருக்கிறது என்று பார்க்கப் போனார்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவரை ஒட்டி இரண்டு கையிலும் அவித்த மல்லாட்டைக் கடலையை வைத்துக்கொண்டு அவள் எதற்கோ சிரித்தாள். காற்றில் முந்தானை பின்னால் போய்விட்டது. இழுத்து மூடக் கை காலியில்லை. அவன் அந்த நேரம் பார்த்து எடுத்துவிட்டான்.

"கன்னம் தெரியுதுக்கா. கடைக்கு போயி சிஸ்டத்துல எடுத்துர்றேன்" என்று காட்டினான்.

அவள் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "வேணாம், வுடு. அந்தத் தழும்ப எடுத்துட்டா யாருன்னு எங்க சென்டர் புள்ளைங்களுக்கே தெரியாது. இதுல நான் நல்லாத்தான்டா இருக்கேன். பிரிண்ட் போட்டு எடுத்துக்கினு வா."

நாளைக்கு என்றான். கடையில் அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே கலர் பிரிண்டர் இருக்கிறது. அந்த நாளைக்கு இரண்டு வருஷமாக வரவில்லை. இடையில் அவளுடைய போன் தண்ணீர் டிரம்மில் விழுந்தது. அவன் போன் மாற்றினான். பழைய போனில் இருந்ததையெல்லாம் இந்த டிஸ்க்கில் கொட்டினான். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் "எதுவா இருந்தாலும் ரெண்டு காப்பி வச்சிக்குங்க சார்" என்று சொல்கிறவனிடம் அந்த ஆற்று போட்டோவுக்கு ஒரே ஒரு காப்பிதான் இருந்தது.

அதைவிட, டிஸ்க்கைக் கெடுத்தவனும் அவன்தான். மூன்று நிமிஷம் யாரும் தொடாவிட்டால் மோட்டாரை நிறுத்திக்கொண்டு தூங்கிவிடு என்று அதற்குச் செட்டிங் வைத்திருந்தான். சும்மா ஓடினால் தேய்ந்துவிடும், ஓய்வு கொடுத்தால் நெடுநாள் உழைக்கும் என்பது அவன் நம்பிக்கை. ஒரு நாளைக்கு நூறு தடவை நின்று நின்று எழுந்தால் ஓடுவதைவிட அதிகமாகத் தேயும் என்பது தாமதமாகத்தான் உறைத்தது. வீட்டில் வைத்து வேலை பார்த்த நாட்களில் அக்காவுக்கு அந்தச் சத்தமே ஆகாது. கிர்ரென்று எழும், அடங்கும், உடனே மறுபடி எழும்.

"ஏன்டா அத்த தூங்க வுட்டு தூங்க வுட்டு எழுப்புற?" என்பாள். "எங்க சென்டர்ல சாப்ட்டுட்டு புள்ளைங்க அப்பதான் கண்ண மூடும். அதுக்குள்ள எழுப்பிப் பாரு, என்னா கத்து கத்தும் தெரியுமா? ஒண்ணு தூங்க வுடு, இல்ல வேல வாங்கு. எழுப்புறதுலதான்டா அதுங்களுக்கு உசுரு போவுது."

டிப்ளமோ படித்தவன் அங்கன்வாடி டீச்சர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன மாதம் நான்கு தடவை முயன்ற பிறகுதான் டிஸ்க் சுற்றியது. சுற்ற ஆரம்பித்தால் ஒழுங்காக ஓடுகிறது, நின்றால்தான் அடுத்த தடவை எழுமா என்று சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட வேண்டும் என்று வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனான்.

பையைப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து நெஞ்சால் அணைத்துக்கொண்டு வீடு இருக்கிற விழுப்புரத்துக்கு வண்டியை விட்டான். மே மாத வெயில். வேகத்தடை வரும்போதெல்லாம் பிரேக்கை அழுத்தி எழுந்து நின்று ஏற்றி இறக்கினான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். காலையில் நடந்தது அவன் கேட்காமலேயே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தரைக்கு எழுந்து, நெஞ்சை அடைக்கிறது, கேஸ்தான், ஒரு சோடா வாங்கி வா என்றாள். முதல் பெட்டிக்கடை திறக்கவில்லை. ரயில்வே கேட் வரை போய்ப் பன்னீர் சோடாவோடு திரும்பியபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, எழுப்ப வேண்டாமே என்று ஐந்து நிமிஷம் சும்மா நின்றான். அந்த ஐந்து நிமிஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பதினொன்றாக ஐந்து நிமிஷம். வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அக்கா. கண்ணாடிக்கு மேல் இரண்டு மாலை. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அவன் பையோடு வருவதைப் பார்த்து ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார்கள். சித்தப்பா எழுந்து வந்தார்.

"வந்துட்டாரு துரை. இங்க பொட்டி வேற கூலிங் எடுக்கல. பெங்களூர்லேர்ந்து ஒங்கத்தை வர்ற வரைக்கும் தாங்கணும். இந்த வெயில்ல என்னா ஆவும், யோசிச்சியா?"

"ஒரு அர மணி நேரம் சித்தப்பா" என்றபடி அவன் உள்ளறைக்குப் போய்விட்டான்.

கட்டிலில் லேப்டாப்பைத் திறந்தான். அடாப்டரைச் செருகி, டிஸ்க்கை இரு கைகளிலும் தட்டையாகப் பிடித்துக்கொண்டு சுவிட்சை முழங்கையால் போட்டான். டிக். டிக். டிக். பிறகு ஒன்றும் இல்லை. நிறுத்தினான். துண்டில் சுற்றிச் சற்று நேரம் அக்குளில் வைத்திருந்துவிட்டு மறுபடி போட்டான். டிக். டிக். மூன்றாவது தடவை. நான்காவது. வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணை எரித்தது. ஐந்தாவது தடவை சுவிட்சைப் போட்ட அதே நொடியில் மணிக்கட்டை வெடுக்கென்று பக்கவாட்டில் ஒரு திருப்புத் திருப்பினான். உள்ளே ஏதோ விட்டுக்கொடுத்தது. முனகிக்கொண்டே தொடங்கி, மெல்ல ஏறி, கிர்ரென்று ஒரே சீராக ஓட ஆரம்பித்தது.

அவன் அழுதுவிட்டான். காலையிலிருந்து வராத அழுகை ஒரு ஹார்ட் டிஸ்க் சுற்றியதற்கு வந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

முதல் வேலையாகத் தூக்கச் செட்டிங்கை எடுத்துவிட்டான். அதையும் நம்பாமல், நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு நோட்பேட் ஃபைலில் ஒரு புள்ளியை எழுதிக்கொண்டே இருக்கிற மாதிரி சின்னதாக ஒரு புரோகிராம் போட்டு ஓட விட்டான். இனி அது தூங்காது. கரண்ட் மட்டும் போகாமல் இருக்க வேண்டும்.

'பழைய போன்' என்ற ஃபோல்டரைத் திறந்தான். பதினான்காயிரத்துச் சொச்சம் படங்கள். கடைக்கு வந்தவர்களின் போனிலிருந்து மீட்டுக் கொடுத்ததெல்லாம் அதிலேயே கலந்து கிடந்தது. எவரோ வீட்டுக் காதுகுத்து, எவரோ மாட்டுக் கொட்டகை. டிஸ்க் சில இடங்களில் தடுக்கி நின்று, யோசித்து, மறுபடி நகர்ந்தது. படங்கள் ஒவ்வொன்றாகச் சாம்பல் கட்டத்திலிருந்து முளைத்தன. மணி பதினொன்று இருபத்தைந்து.

"தம்பி." கதவோரம் ஐஸ் பெட்டிக்காரர் ஜகபர் சாதிக் நின்றார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் டெஸ்டர். "ஓல்டேஜ் சுத்தமா வரல தம்பி. பொட்டி எடுக்குது, நின்னுபோவுது. இந்த வயரு தாங்காது. மெயின ஆஃப் பண்ணிட்டு பீஸ்கட்டையிலேர்ந்து நேரா இழுத்துர்றேன். ரெண்டே நிமிஷம்."

"வேணாம் பாய்!" குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. "ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. இது நின்னா அப்புறம் எழுந்துக்காது."

பின்னாலேயே வந்த சித்தப்பாவின் காதில் அது விழுந்தது. "எது நிக்கக் கூடாது? இந்தப் பொட்டியா? அங்க ஒரு பொட்டியில ஒங்கக்கா கெடக்குறாடா! கண்ணாடி உள்ள தண்ணியா வழியுது, மூஞ்சி தெரியல. ஒடம்பு ஊதிக்கினா நாளைக்கு ஊரு என்னத்தான் காறித் துப்பும். பாய், நீ போயி மெயின ஆஃப் பண்ணு."

"சித்தப்பா, ஒங்க கால்ல விழறேன்."

"கம்ப்யூட்டரு நோண்டுற நேரமாடா இது? அவ ஒனக்கு அம்மா மாதிரிடா!"

அது அவனுக்குத் தெரியாதா என்ன? கூடத்தில் இருப்பதும் அக்காதான், இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருப்பதும் அக்காதான். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை வெயிலில் போட்டிருக்கிறோம் என்பது நெஞ்சை அறுத்தது. ஆனால் உடம்பு மூன்று மணிக்குப் போய்விடும். முகம்தான் இருக்கும். அது எந்த முகம் என்பதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவன் டிஸ்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

ஜகபர் சாதிக் அந்தக் கையைப் பார்த்தார். திரையில் முளைத்துக்கொண்டிருந்த படங்களைப் பார்த்தார்.

"அக்கா போட்டோவா தம்பி?"

"ஆமா பாய். இது ஒண்ணுதான் இருக்குது."

அவர் இடுப்பைத் தடவிக்கொண்டார். "அடடா, கட்டிங் பிளேயர வண்டியிலயே வச்சிட்டு வந்துட்டேன். வண்டி வேற தெருமுனையில நிக்குது. எடுத்துக்கினு வந்துர்றேன் பெரியவரே" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு மெதுவாக நடந்து போனார். கட்டிங் பிளேயரின் சிவப்புக் கைப்பிடி அவர் பின் பாக்கெட்டில் துருத்திக்கொண்டிருந்தது. சித்தப்பாவும் அதைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

பிரவீன்குமார் தேதிப்படி அடுக்கச் சொல்லிக் கொடுத்தான். எந்தத் தேதி? மழை முடிந்த பிறகு என்பது மட்டும் நினைவிருந்தது. மாதம் வரவில்லை. படங்களை இழுத்து இழுத்துப் பார்த்தான். டிஸ்க் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு டக் டக்கென்று அடித்தது. அவனும் மூச்சை நிறுத்திக்கொண்டான். மீண்டது.

அங்கன்வாடியில் சமைத்துப்போடுகிற சவுரியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தார். இருபது வருஷம் அக்காவோடு ஒரே சென்டரில் இருந்தவர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "ஒரு வாய் தண்ணியாவது குடி சாமி" என்று சொம்பை நீட்டினார்.

"அந்த ஆத்துக்கு போனோமே, நீங்ககூட மல்லாட்ட வாங்கிக் குடுத்தீங்களே. அது என்னைக்கு? எந்த மாசம்?"

சவுரியம்மாள் சொம்பைப் பிடித்தபடியே யோசித்தார். "போலியோ சொட்டு மருந்து போட்ட ஞாயித்துக்கெழம. மத்தியானத்தோட கேம்ப்ப முடிச்சிட்டு டீச்சர்தான் வா போவலாம்னு இழுத்துக்கினு போச்சி. பொங்க கழிஞ்சி வந்துதே, அந்த சொட்டு மருந்து. நான்கூட கோயிலுக்கு போவலயேன்னு சொல்லிக்கினே வந்தேன்."

பொங்கல் கழிந்து சொட்டு மருந்து போடுகிற ஞாயிறுகள் மொத்தமே சில. பிப்ரவரிக்குப் போனான். முதல் இரண்டு ஞாயிறும் இல்லை. மூன்றாவது இல்லை. நான்காவது ஞாயிறில் முதல் கட்டம் சாம்பலிலிருந்து முளைத்தபோது நீல நிறத்தில் போலியோ பேனர் தெரிந்தது. அதற்கடுத்து வரிசையாகப் பன்னிரண்டு படங்கள். பாலம், தண்ணீர், எருமை, சவுரியம்மாளின் முதுகு. ஏழாவதாக அக்கா.

"ஆங், டீச்சரு" என்றார் சவுரியம்மாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

காப்பி கொடுத்தான். பச்சைக் கோடு பாதி வரை வந்து நின்றது. டிஸ்க் டக் டக்கென்று அடித்தது. பதினொன்று நாற்பத்தாறு. கூடத்தில் சித்தப்பா, "பாய் வந்தாரா இல்லியாடா?" என்று யாரையோ விரட்டினார். கோடு நகரவில்லை. நாற்பத்தெட்டு. சவுரியம்மாள் மாரில் சிலுவை போட்டுக்கொண்டார். பிரவீன்குமார் டிஸ்க்கைத் தொடக்கூடப் பயந்து, கையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஐம்பதில் கோடு சட்டென்று முடிவுக்கு ஓடிப்போய் மறைந்தது. படத்தைத் திறந்தான். முழுதாக இருந்தது. போனுக்கு மாற்றி, ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டான்.

"அண்ணே, காணை டீச்சர் வீட்லேர்ந்து பேசுறேன். ஆதார் படத்த போடாதீங்க. வாட்ஸப்ல ஒண்ணு அனுப்பிருக்கேன், இதான்."

"பாத்தேன் தம்பி" என்றார் கோதண்டபாணி. "நல்லவேள, இப்பதான் குடுக்கப் போனேன். இது நல்லா சிரிச்ச மொகமா இருக்குது. நீ கவலப்படாத, நல்லா பண்ணிக் குடுக்குறேன்."

நிமிர்ந்தபோது கதவில் ஜகபர் சாதிக் நின்றார். கையில் கட்டிங் பிளேயர். "தம்பி?" என்றார். டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. மீதிப் பதினோரு படங்களுக்கு இன்னும் பத்து நிமிஷம் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். அக்காவின் சென்டர் ஆண்டு விழா, சமையல்கட்டில் அவள் குரல் கேட்கிற ஒரு வீடியோ, எல்லாம் அந்தப் பதினான்காயிரத்தில்தான் எங்கோ இருந்தன. அவன் கூடத்துப் பக்கம் பார்த்தான். கண்ணாடியில் நீர் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணிக்குங்க பாய்."

ஃபேன் தளர்ந்தது. டிஸ்க்கின் சத்தம் இறங்கி, இறங்கி, கடைசியாக டிக்கென்று ஒன்று அடித்து நின்றது. இரண்டு நிமிஷம் கழித்து கரண்ட் வந்ததும் ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டு எடுத்தது. டிஸ்க் எடுக்கவில்லை. அவன் இரண்டாவது தடவை முயலவில்லை. துண்டில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மூன்று மணிக்கு மேல் எடுத்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, ஈர வேட்டியோடு அவன் கையில் கொள்ளிச் சட்டியைக் கொடுத்தார் சித்தப்பா. "நேரா பாத்து நட. நிக்கக் கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது." பறை முன்னால் போனது. தெருமுனையில் மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். கூட்டம் அதன் அடியில்தான் வளைந்தது. "லட்சணமா இருக்குதுல்ல" என்று யாரோ சொல்வது கேட்டது. அவன் அண்ணாந்தான்.

ஆறு இருந்தது. மல்லாட்டை இருந்தது. சிரிப்பும் அப்படியே இருந்தது. இடது கன்னம் வலது கன்னத்தைப் போல வழுவழுவென்று இருந்தது. நிறம் கூட ஒரு படி வெளுத்திருந்தது.

கால் நின்றுவிட்டது. "நிக்காத, நட" என்று சித்தப்பா முதுகில் கையை வைத்துத் தள்ளினார். சட்டியிலிருந்து புகை முகத்தில் அடித்தது. ஃப்ளெக்ஸ் பின்னால் போய்விட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது. அவனுக்குப் பின்னால், பெண்கள் நின்றுவிடுகிற இடத்தில், சவுரியம்மாள் யாரிடமோ சொன்னது மட்டும் பறைச் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. "டீச்சர் மாதிரியே இருக்குது."

மறுநாள் காலை பால் தெளித்துவிட்டுத் திரும்பும்போது சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமல் வண்டியைக் கோதண்டபாணி கடைக்குத் திருப்பினான். வழி முழுக்க என்னென்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனான். யாரய்யா உன்னை அதில் கை வைக்கச் சொன்னது? யாரைக் கேட்டு எடுத்தாய்?

கோதண்டபாணி கடையை அப்போதுதான் கூட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"வா தம்பி, ஒக்காரு. நேத்து பாத்தியா? ஒங்கக்கா கன்னத்துல பெருசா தழும்பு இருந்துச்சே. வர்றவங்க பாத்தா மனசு சங்கடப்படுமேன்னு நானே ஒக்காந்து எடுத்தேன். பசங்ககிட்டகூட குடுக்கல. சாப்பிடக்கூட போவல தம்பி, ரெண்டு மணிக்குள்ள குடுக்கணுமேன்னு. எங்க புள்ளைங்க ரெண்டும் டீச்சர்கிட்ட படிச்சதுங்கதான்."

உருட்டி வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒருவர் சாப்பிடாமல் உட்கார்ந்து செய்த வேலை.

"அந்த ஃபைல் இருக்குதாண்ணே?"

"இன்னும் மூடவே இல்ல. நேத்துலேர்ந்து சிஸ்டம் அப்பிடியே ஸ்லீப்ல கெடக்குது." மவுஸை அசைத்தார். திரை எழுந்தது. அக்கா வெள்ளைக் கன்னத்தோடு சிரித்தாள்.

"எனக்கு ரெண்டு காப்பி வேணும்ணே, பிரேம் போடுற சைஸ்ல. அதுக்கு முன்னாடி, நீங்க பண்ணத ஒவ்வொண்ணா பின்னால எடுத்துக்கினே வாங்க."

கோதண்டபாணி அவனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு விரலைக் கீபோர்டில் வைத்தார். முதல் அழுத்தலில் நிறம் திரும்பியது. அடுத்ததில் தாடையில் ஒரு திட்டு வந்தது. பிறகு அதற்கு மேல் ஒன்று. கஞ்சி வழிந்த பாதை கண்ணை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவர் நிறுத்தி அவன் முகத்தைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே வந்து சேர்ந்தது.

"போதுமா தம்பி? எல்லாம் வந்துருச்சி."

"இன்னும் ஒண்ணு இருக்குதுண்ணே" என்றான் பிரவீன்குமார். "காதோரம்."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். இன்னொரு தடவை அழுத்தினார்.